ஆஃபர் லெட்டரின் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

போன வாரம் கரூரிலிருந்து ஒரு அப்பா போன் செய்தார். மகன் புது விமானி, 24 வயது. டைப் ரேட்டிங், அதாவது ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தகுதி, முடித்து ஏழு மாதமாகிறது, இன்னும் பயணிகளோடு ஒரு தடவைகூடப் பறக்கவில்லை. கம்பெனிக்கு வர வேண்டிய விமானங்கள் வரவில்லை. பயணிகளோடு பறந்து பழகும் லைன் ட்ரெயினிங் தொடங்கும்வரை உதவித்தொகை மட்டும்தான். நடுவில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்கிற ஐந்து ஆண்டு பாண்டில் கையெழுத்து போட்டாகிவிட்டது, காசோலைகளும் கம்பெனியிடம் இருக்கின்றன. "இன்னொரு கம்பெனியும் கூப்பிட்டாங்க சார். இதுல மாசம் அறுபதாயிரம் அதிகம்னுதான் இங்க சேர்ந்தான்" என்றார்.

இந்த ஆண்டில் எனக்கு வந்த இதே மாதிரியான நான்காவது போன் இது. ஏர்பஸ் ஏ320 விமானம் ஓட்டும் கேப்டன் நான், எந்தக் கம்பெனியின் ஆளெடுப்பிலும் எனக்குப் பங்கில்லை. ஆனால் நான்கு பேரும் ஒரே இடத்தில் வழுக்கியிருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"எங்கே சம்பளம் அதிகமோ அங்கே போ." விமானி வேலைக்கு இதைவிட மோசமான அறிவுரை கிடையாது. ஏனென்றால் ஆஃபர் லெட்டரில் இருக்கும் அந்தத் தொகை பெரும்பாலும் சம்பளமே இல்லை. நீங்கள் இத்தனை மணிநேரம் பறந்தால் இவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கு அது. அத்தனை மணிநேரம் உங்களைப் பறக்க வைப்பதாக யாரும் சத்தியம் செய்யவில்லை.

ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன், பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கம்பெனி மாதம் 2,70,000 என்கிறது. உள்ளே படித்தால் மணிக்கு 3,000 வீதம் 90 மணிநேரத்துக்கு; உறுதியாகத் தருவது 40 மணிநேரத்துக்கு மட்டும். இரண்டாவது கம்பெனி மாதம் 1,96,000 என்கிறது. மணிக்கு 2,800தான், ஆனால் 70 மணிநேரம் உறுதி, அதற்கு மேல் பறந்தால் தனியாகக் காசு. எல்லோரும் முதல் கம்பெனிக்குத்தான் ஓடுகிறார்கள். சரி, ஒரு மாதம் விமானம் பராமரிப்பில் நிற்கிறது, நீங்கள் பறந்தது 30 மணிநேரம். முதல் கம்பெனியில் கைக்கு 1,20,000. இரண்டாவதில் அதே 1,96,000. நல்ல மாதத்தில், 70 மணிநேரம் பறந்தால் முதல் கம்பெனியில் 2,10,000. அதாவது நல்ல மாதத்தில் 14,000 கூட, கெட்ட மாதத்தில் 76,000 குறைவு.

அந்த 90 மணிநேரத்தையும் கொஞ்சம் பாருங்கள். விதிப்படி ஒரு விமானி ஆண்டுக்கு 1,000 மணிநேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 83 சொச்சம். விடுப்பு, சிமுலேட்டர் சோதனை, வகுப்புகள், கூப்பிட்டால் போகத் தயாராகக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை நாட்கள் எல்லாம் கழித்தால் அதைவிடக் குறையும். ஆக, ஆண்டு முழுவதும் மாதம் 90 மணிநேரம் என்பது சட்டப்படி நடக்கவே முடியாத கணக்கு. அதை நம்பி 80 லட்சம் கடன் வாங்குகிறார்கள். 11 சதவீத வட்டியில் பத்து ஆண்டுக்கு அதன் தவணை மாதம் ஏறக்குறைய 1,10,000. முதல் கம்பெனியின் கெட்ட மாதச் சம்பளத்தில், அதுவும் வரி பிடிப்பதற்கு முன்னால், மிச்சம் பத்தாயிரம்.

இது புதுப் பையன்களின் கவலை மட்டுமில்லை. 2024இல் ஏர் இந்தியாவோடு இணையப்போகும் நேரத்தில் விஸ்தாரா விமானிகளுக்கு வந்த புதிய ஒப்பந்தத்தில், உறுதியான மணிநேரம் 70இலிருந்து 40 ஆனது. அந்த ஏப்ரலில் எத்தனை விமானங்கள் ரத்தாயின என்று நினைவிருக்கும். அனுபவமுள்ள கேப்டன்கள் அந்த ஒரு எண்ணுக்காகத்தான் கொதித்தார்கள். நம் பிள்ளைகள் அந்த எண் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுகூடப் பார்ப்பதில்லை.

அடுத்தது, கம்பெனி நிலைக்குமா என்பது. கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில். கோ ஃபர்ஸ்ட் 2023 மேயில். நம் சென்னையைச் சேர்ந்த பாரமவுண்ட் 2010இலேயே. ஒவ்வொரு தடவையும் "இவ்வளவு பெரிய கம்பெனி எப்படிச் சார் மூடும்?" என்றுதான் கேட்டார்கள். மூடும். ஆனால் திடீரென்று மூடாது, முன்கூட்டியே தெரியும். என் முதல் கம்பெனியில் சம்பளத் தேதி 1இலிருந்து 7 ஆனது, பிறகு 15 ஆனது, அப்புறம் அடுத்த மாதத்துக்குப் போனது. பி.எஃப். கணக்கை விசாரித்தபோதுதான் ஐந்து மாதமாக எதுவும் கட்டவில்லை என்று தெரிந்தது. எங்கள் சம்பளத்திலிருந்து மட்டும் ஒழுங்காகப் பிடித்திருந்தார்கள். மூன்று மாதச் சம்பளம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

அதனால் கேட்கிறேன்: சேரப்போகும் கம்பெனியில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரைப் பிடியுங்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், எந்தத் தேதியில் வருகிறது என்று கேளுங்கள். பி.எஃப். பாஸ்புக்கில் மாதாமாதம் வரவு இருக்கிறதா, பிடித்த வரி வருமான வரித் துறையின் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விமான நிலைய ஓரத்தில் அந்தக் கம்பெனியின் விமானம் இன்ஜின் கழற்றிய நிலையில் எத்தனை நிற்கிறது என்று பாருங்கள். ஆண்டறிக்கை படிப்பதைவிட இது சுலபம். நாங்கள் இன்னொன்றும் பார்ப்போம்: சின்னச் சின்னப் பழுதுகளைச் சரிசெய்யாமல், அனுமதிக்கப்பட்ட கடைசி நாள்வரை தள்ளிக்கொண்டே போகிறார்களா என்று. உதிரிபாகம் வாங்கக் காசில்லாத வீட்டில்தான் இது முதலில் தெரியும்.

விமான வகையும் முக்கியம். ஏ320 ரேட்டிங் இருந்தால் இந்தியாவில் இன்னொரு கதவு திறக்கும். பாரமவுண்டில் எம்ப்ரேயர் ஓட்டியவர்கள் அந்த ரேட்டிங்கோடு ஏ320 கம்பெனியின் வாசலுக்குப் போனால், முதலிலிருந்து பணம் கட்டிப் படிக்க வேண்டியிருந்தது. சின்ன விமானத்தில் சேராதீர்கள் என்று சொல்லவில்லை. ஏடிஆர் மாதிரி சின்ன விமானம் ஓட்டிப் பழகியவர்களின் கை எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெளியே வரும் வழியைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள், அவ்வளவுதான்.

"ரெண்டு வருஷத்துல கேப்டன் ஆக்கிடுவாங்களாம் சார்." யார் சொன்னது? எழுத்தில் இருக்கிறதா? 1,500 மணிநேரம் சேர்ந்து, கேப்டனுக்குத் தேவையான ஏடிபிஎல் லைசென்ஸ் கையில் வந்து, அப்புறம் உங்கள் சீனியாரிட்டி எண் வரும்போது கேப்டன் உட்காரும் இடது இருக்கை காலியாக இருக்க வேண்டும். ஆர்டர் கொடுத்த விமானங்கள் தாமதமானால் அந்த இரண்டு ஆண்டு ஐந்தாகிவிடும். நடுவில் கம்பெனி மாறினால் சீனியாரிட்டி வரிசையில் கடைசிக்குப் போவீர்கள்.

ஓய்வு பற்றி யாரும் கேட்பதே இல்லை, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. வார ஓய்வை 36 மணிநேரத்திலிருந்து 48 ஆக்கி, இரவில் தரையிறங்குவதை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்து விதி வந்தது. அதற்குத் தேவையான ஆட்கள் இல்லாமல் 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ய நேர்ந்தது. ஒரு விமானத்துக்கு எத்தனை விமானிகளை வைத்திருக்கிறார்கள் என்று நேர்காணலிலேயே கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். உடம்பு முடியவில்லை என்று விடுப்பு சொன்னால் மறுநாள் யார் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள் என்பதை அங்கே வேலை செய்பவரிடம் கேளுங்கள். அசதியோடு விடிகாலை நான்கு மணிக்கு இறங்கும்போது அந்த அறுபதாயிரம் உங்களுக்கு உதவாது தம்பி.

வெளிநாடு என்றால் வரியில்லாத சம்பளம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே விசா, வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம் மூன்றும் கம்பெனியைப் பிடித்தே தொங்கும். 2020 அக்டோபரில் கேத்தே டிராகன் விமான நிறுவனம் மூடப்பட்டபோது ஹாங்காங்கில் எத்தனை குடும்பங்கள் பெட்டி கட்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி பாண்ட். தேதி போடாத காசோலை கொடுக்காதீர்கள், எவ்வளவு அவசரப்படுத்தினாலும். நீங்கள் வேலை செய்யும் ஒவ்வொரு மாதத்துக்கும் பாண்ட் தொகை குறைகிறதா, கம்பெனியே உங்களைப் பறக்க விடாவிட்டால் பாண்ட் என்னவாகும், இரண்டையும் எழுதி வாங்குங்கள். பாண்ட் ஓடத் தொடங்குவது சேர்ந்த நாளிலிருந்தா, லைன் ட்ரெயினிங் முடிந்த நாளிலிருந்தா? கரூர்ப் பையனுக்கு இரண்டாவது. ஏழு மாதமாக அவன் பாண்டில் ஒரு நாள்கூடக் கழியவில்லை. மருத்துவச் சான்று தற்காலிகமாகப் போனால், கருவுற்றால், எத்தனை மாதம் சம்பளம் வரும், லைசென்ஸ் இழப்புக் காப்பீடு யார் கட்டுவது என்பதையும் கேளுங்கள்.

பிடிக்காவிட்டால் ஓடிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: 2017இல் விமானத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி நோட்டீஸ் காலம் துணை விமானியான ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு ஆண்டு. 2023இல் ஆகாசா ஏர் கம்பெனியிலிருந்து 43 விமானிகள் நோட்டீஸ் முடிக்காமல் போனதற்குக் கம்பெனி மும்பை உயர் நீதிமன்றம்வரை போனது.

கரூர் அப்பாவிடம் ஒப்பந்தத்தை அனுப்பச் சொன்னேன். 31 பக்கம். பாண்ட் பற்றிய பகுதி 26ஆம் பக்கத்தில் இருந்தது. "இதை அவன் படிச்சானான்னு கேளுங்க" என்றேன். போனை மகனிடம் கொடுத்தார். "சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து போடணும்னு சொன்னாங்க சார்" என்றான். அந்தப் பக்கத்தை இப்போது ஒரு தொழிலாளர் சட்ட வக்கீல் படித்துக்கொண்டிருக்கிறார். கையெழுத்து போடுவதற்கு முந்தைய நாள் அவரிடம் போயிருந்தால் ஒரு மணிநேர வேலை.