டேப்பட் சத்தமும் தகதிமியும்

சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் விடியற்காலை நாலரை மணிக்கு எந்தச் சத்தமும் தனியாகக் காதில் விழாது. தள்ளுவண்டிச் சக்கரம், பெட்டி இறக்கும் சத்தம், குளிர்பதன வண்டிகளின் உறுமல் எல்லாம் ஒரே இரைச்சல். அதனால் என் மச்சானின் லாரி 'டிக் டிக்' என்று அடிப்பது தேக்கா சந்தைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சரக்கை இறக்கிவிட்டு இன்ஜினைப் போட்டபோது சுவரில் பட்டுத் திரும்பி வந்தது அந்தச் சத்தம். 14 அடி லாரி, வயது 11. வண்டி வைத்திருப்பதற்கான பத்தாண்டு உரிமமான சிஓஇ முடிந்து, இன்னும் 5 ஆண்டுக்குப் பணம் கட்டிப் புதுப்பித்திருந்தான். சத்தம் காதைவிட வயிற்றைத்தான் முதலில் கலக்கியது.

சந்தையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "ஆயிலை மாத்து" என்றார் ஒருவர். "நாசில் போச்சு" என்றார் இன்னொருவர். இன்ஜினே போய்விட்டது என்று சொல்லவும் ஆள் இருந்தது. காக்கி புக்கிட்டில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் பெரியவர் மட்டும் வைத்தியம் எதுவும் சொல்லவில்லை. "சத்தம் எங்கேருந்து வருதுன்னு நான் பாத்துக்கிறேன் தம்பி. எப்ப வருதுன்னு நீ சொல்லு" என்றார்.

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. இன்ஜின் ஒரு தாள வாத்தியம். அதில் எந்தப் பாகமும் தன் இஷ்டத்துக்கு அடிக்க முடியாது.

நான்கு வீச்சு இன்ஜினில் காற்றை இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, புகையைத் தள்ளுவது என்ற நான்கு வேலையும் முடிய, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்த நேரத்தில் காற்றுக்கும் புகைக்கும் வழிவிடும் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு முறைதான் திறந்து மூடும். ஆகவே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், கிராங்கின் பாதி வேகத்தில் ஓடுகிறது. வண்டி சும்மா நிற்கும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 700 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிராங்க் நொடிக்குக் கிட்டத்தட்ட 12 முறை சுற்றும், கேம் 6 முறை. ஒரு வால்வு தட்டினால் நொடிக்கு 6 டிக். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்து தட்டினால் பொதுவாக நொடிக்கு 12.

நொடிக்கு ஆறைக் காதால் எப்படி எண்ணுவது? மிருதங்கம் கற்றவர்களுக்கு வழி தெரியும். இரண்டு நொடிக்குள் 'தகதிமி' என்று மூன்று தரம் சொல்லிப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்தும் ஒரு டிக்கோடு பொருந்தினால் அது கேமின் காலம். நாக்கு சறுக்கி, சத்தம் இரட்டிப்புக் காலத்தில் ஓடினால் கிராங்கின் காலம். தாளத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள் கைப்பேசியில் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்துப் போட்டு எண்ணலாம். ஓர் எச்சரிக்கை: ரேடியேட்டர் விசிறியின் இறக்கை உறையில் உரசினாலும் ஏறக்குறைய கிராங்கின் காலத்தில் கேட்டுப் பயமுறுத்தும்.

மச்சானின் லாரி தகதிமியோடு சரியாகப் பொருந்தியது. அதோடு முடிந்துவிடவில்லை. கேமின் காலத்தில் அடிப்பவை முக்கியமாக மூன்று: வால்வு, நாசில் என்று நம்மவர்கள் சொல்லும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், எக்ஸாஸ்ட் என்ற புகைவழியில் கசிவு. ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் டீசல் வாங்கும், ஒரு முறைதான் புகை விடும். அதனால் மூன்றுக்கும் ஒரே தாளம். பெரியவரின் "எப்ப" என்ற கேள்விக்கு இரண்டாவது பாதி இங்கேதான் தேவைப்படுகிறது.

சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டில் கசிவு இருந்தால் காலையில் போட்டதும் டிக் டிக் என்று வரும், சூடேறியதும் பெரும்பாலும் அடங்கும். வார்ப்பிரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்வதால்தான். பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது திரும்பவும் தலைகாட்டலாம். கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும். டீசல் இன்ஜெக்டரோ இயல்பாகவே தட்டும். எல்லா சிலிண்டரிலும் ஒரே மாதிரி தட்டினால் அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும் தனித்துக் கேட்டால்தான் சந்தேகம். மச்சானின் லாரியிலோ சூடேறியும் சத்தம் அடங்கவில்லை, பாரத்துக்கும் அசையவில்லை. வேகத்தோடு மட்டும் கூடிக் குறைந்தது. அது டேப்பட் சத்தத்தின், அதாவது வால்வை இயக்கும் பாகங்கள் தட்டும் சத்தத்தின் குணம்.

டேப்பட் ஏன் சத்தம் போடுகிறது? "இடைவெளி அதிகமாயிட்டா தட்டும்" என்பது வழக்கமான பதில். தப்பில்லை, ஆனால் பாதி பதில். கேமின் அசைவை வாங்கி வால்வை அழுத்தும் ராக்கர் ஆர்முக்கும் வால்வின் நுனிக்கும் நடுவில் வேண்டுமென்றே இடைவெளி விட்டிருக்கிறார்கள். பல ஜப்பானிய லாரி டீசல் இன்ஜின்களில் இன்ஜின் ஆறியிருக்கும்போது அது 0.4 மில்லிமீட்டர், அதாவது நான்கு ஏ4 தாள் கனம். 12 சென்டிமீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பி 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.14 மில்லிமீட்டர் நீளும். எக்ஸாஸ்ட் வால்வோ அதைவிடப் பல மடங்கு சூட்டைப் பார்க்கிறது. நீள இடம் விடாவிட்டால் அது முழுதாக மூட முடியாமல் நிற்கும்.

இடைவெளி இருந்தால் மோதல் இருக்கத்தான் செய்யும். அப்படியென்றால் நல்ல இன்ஜினில் ஏன் சத்தம் பெரிதாகக் கேட்பதில்லை? இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. கேமின் மேடு நேரே செங்குத்தாகத் தொடங்குவதில்லை. முதலில் ஒரு மெல்லிய சரிவு, அதன் பிறகுதான் ஏற்றம். அந்தச் சரிவு இருப்பதே இடைவெளியை மெதுவாகக் கடத்திவிடத்தான். மொத்த விற்பனை நிலையத்தில் பெட்டி ஏற்றிய தள்ளுவண்டியைப் பாருங்கள். நடைபாதையில் சாய்தளம் இருக்கும் இடத்தில் சத்தமில்லாமல் ஏறும். அதைத் தவறவிட்டுக் கல்விளிம்பில் மோதினால் 'டக்' என்று மேலே இருக்கும் தக்காளிப் பெட்டி துள்ளும். வால்வின் இடைவெளி கூடும்போது ராக்கர் சாய்தளத்தைத் தவறவிடுகிறது. சரிவு தீர்ந்து, மேடு வேகமாக உயரும் இடத்தில்தான் இரும்பு இரும்பைத் தொடுகிறது. மூடும்போதும் இதே கதை: வால்வை மெதுவாக இறக்கிவிடச் சரிவு மிச்சமில்லை, அது மூடும்போது உட்காரும் வளையமான தன் இருக்கையில் விழுந்து அறைகிறது. கூடுதலாக ஒரு தாள் கனம்கூட இவ்வளவு சத்தம் போடக் காரணம் தொடும் வேகம்தான்.

இனி "எங்கே" என்ற கேள்வி. மேலே மூடியிருக்கும் வால்வு கவர், பறையின் தோல்போல அதிர்ந்து சத்தத்தை எல்லாப் பக்கமும் வீசும். அதனால் வெறும் காது ஏமாறும். பெரியவர் கேபினை முன்னால் சாய்த்தார், நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றினார், கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் வைத்தார். இரும்புக்குள் ஓடும் ஒலி காற்றைத் தொடும் விளிம்பில் ஏறத்தாழ முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். இரும்பிலிருந்து இரும்புக்கும் எலும்புக்கும் போக அதற்கு அவ்வளவு தடை இல்லை. 1816இல் பாரிஸில் லென்னெக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து ஸ்டெதஸ்கோப் பிறந்தது. இது லாரிக்கான ஸ்டெதஸ்கோப். எக்ஸாஸ்ட் கசிவைத் தேடுவதென்றால் ஸ்குரூ டிரைவர் உதவாது. கசிவு காற்றில் நடக்கிறது, அதற்கு ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையால் மோப்பம் பிடிக்க வேண்டும். எதைச் செய்தாலும் சட்டைக்கை, கயிறு, சங்கிலி எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக்கூடாது.

பழைய பம்ப் இன்ஜின்களில் ஒவ்வொரு சிலிண்டரின் டீசல் குழாயையும் தளர்த்தி, எந்த சிலிண்டரை நிறுத்தினால் சத்தம் மாறுகிறது என்று பார்க்கும் பழக்கம் உண்டு. எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் உயர் அழுத்த டீசலைத் தேக்கி வைக்கும் காமன் ரெயில் இன்ஜினில் இதைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். அந்த வேலையை, இன்ஜினின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் வழியாகச் செய்யலாம்.

கிராங்கின் காலத்தில், பாரம் ஏறும்போது கூடும் கனத்த 'டொக் டொக்' என்றால் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் இருக்கும் ஆயில் படலம் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பில் ஏறும்.

ஸ்குரூ டிரைவர் மூன்றாம் சிலிண்டரைக் காட்டியது. இன்ஜின் ஆறட்டும் என்று மறுநாள் காலைவரை காத்திருந்து கவரைத் திறந்தார்கள். பெரியவர் கிராங்கைக் கையால் சுற்றி, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். மூடிய புத்தகத்திலிருந்து ஒரு தாளை உருவுவதுபோல் தகடு சன்னமாகப் பிடித்து வர வேண்டும். மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் 0.7 தகடு தாராளமாகப் போய்வந்தது. லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவைத் திருப்பி, 0.4க்குக் கொண்டுவரப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மச்சான் முகத்தில் அப்போதே வெளிச்சம்.

பெரியவர் மட்டும் நிமிரவில்லை. ஒன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் 0.2 தகடே இழுத்துப் பிடித்தது. "சத்தம் போட்டது பாவம் நல்ல பிள்ளை. இதுதான் திருடன்" என்றார்.

வால்வும் அதன் இருக்கையும் தேயத் தேய வால்வு மேலே ஏறும், இடைவெளி குறுகும், சத்தமும் குறையும். இடைவெளி தீர்ந்தால் வால்வு இருக்கையில் முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும் பகுதியை அந்த இருக்கை வழியாகத்தான் இறக்கி வைக்கிறது. உட்கார முடியாத வால்வு ஆறவும் முடியாது. விளிம்பு கருகும், சிலிண்டர் அழுத்தத்தை இழக்கும். இவ்வளவும் ஒரு டிக் கூட இல்லாமல் நடக்கும்.

அதையும் 0.4க்கு வைத்து கவரை மூடினார். இன்ஜினைப் போட்டதும் நாசில்களின் வழக்கமான படபடப்பு மட்டும் கேட்டது. பத்து வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டாயச் சோதனை உண்டு. அதற்கு ஒரு வாரம் முன்னால் வண்டியைக் கொண்டுவா, கவரைத் திறக்கணும் என்றார். "மறுபடியும் சத்தம் வருமாண்ணே?" என்று கேட்டான் மச்சான். "மூணாம் நம்பருக்காகக் கூப்பிடல தம்பி" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் கேபினை இறக்கினார்.