இரண்டு கேட்களுக்கு ஞாபகம் எங்கிருந்து வருகிறது?

"ஆண்ட், ஆர், நாட் எல்லாம் புரிகிறது. இன்புட் கொடுத்தால் அவுட்புட் வருகிறது, இன்புட்டை எடுத்தால் அதுவும் போய்விடுகிறது. இதை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் எதையாவது எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளும்?" என்று பொறியியல் முதலாண்டு படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். ஆனால் பாடத்தில் இதற்கான பதில் கார்னோ மேப் (தர்க்கச் சுற்றை எளிமையாக்கக் கட்டம் போட்டுப் பார்க்கும் முறை) எல்லாம் தாண்டித்தான் வரும், அதற்குள் பாதிப் பேருக்கு ஆர்வமே வற்றிவிடும்.

ஆண்ட், ஆர், நாட் என்பவை கேட்கள்: 0, 1 இன்புட்களைப் பார்த்து 0 அல்லது 1 அவுட்புட் தரும் சின்னச் சுற்றுகள். அந்த 0, 1 கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கம்பியில் இருப்பது வெறும் வோல்டேஜ். 5 வோல்ட்டில் இயங்கும் டிடிஎல் என்ற வகைச் சிப்கள், 0.8 வோல்ட்டுக்குக் கீழே வரும் இன்புட்டை 0 என்றும் 2 வோல்ட்டுக்கு மேலே வருவதை 1 என்றும் எடுத்துக்கொள்ளும். அவுட்புட்டில் மட்டும் விதி இன்னும் கறார்: 0 என்றால் 0.4-க்குக் கீழே, 1 என்றால் 2.4-க்கு மேலே. இரண்டு பக்கமும் மிஞ்சுகிற அந்த 0.4 வோல்ட்தான் வழியில் சேரும் இரைச்சலுக்கு விட்ட இடம். கசங்கி வந்த சிக்னலை ஒவ்வொரு கேட்டும் நிமிர்த்தி அடுத்ததற்குத் தருவதால்தான் கோடிக்கணக்கான கேட்களை வரிசையாகக் கோக்க முடிகிறது. சரி, 0.8-க்கும் 2-க்கும் நடுவில் ஒரு வோல்டேஜ் வந்தால்? யாரும் உத்தரவாதம் தருவதில்லை. கடைசியில் இங்கேதான் திரும்பி வரப்போகிறோம்.

இப்போது நார் கேட். இரண்டு இன்புட்டும் 0 என்றால் மட்டும் 1 தரும், மற்றபடி 0. இப்படி இரண்டு கேட்களை எடுத்து, மேலே இருப்பதன் அவுட்புட்டைக் கீழே இருப்பதன் இன்புட்டிலும், கீழே இருப்பதன் அவுட்புட்டை மேலே இருப்பதன் இன்புட்டிலும் குறுக்காக இணையுங்கள். ஆளுக்கு ஓர் இன்புட் மிச்சம்: மேலே ரீசெட், கீழே செட். ரீசெட்டை 0-விலேயே வைத்து, செட்டுக்கு ஒரு கணம் 1 கொடுத்தால் கீழ் கேட் 0 ஆகும். அதனால் மேல் கேட்டின் இரண்டு இன்புட்டும் 0, ஆகவே அது 1 ஆகும். அந்த 1 திரும்பிக் கீழ் கேட்டுக்கே போகிறது. இனி செட்டை 0 ஆக்கினாலும் கீழ் கேட் அசையாது, ஏனென்றால் அதை அழுத்திப் பிடிக்க மேலிருந்து வரும் 1 இருக்கிறது. கை எடுத்த பிறகும் வேலை நிற்கிறது பாருங்கள், அவ்வளவுதான் ஞாபகம். எந்த ஒரு கேட்டிலும் அது இல்லை, சுற்றி வரும் அந்த வளையத்தில் இருக்கிறது. இதற்குப் பெயர் லேட்ச். கிளாக் (எல்லாச் சுற்றுக்கும் தாளம் போடும் சீரான சிக்னல்) துடிக்கும் கணத்தில் மட்டும் மாறும்படி இதைக் கட்டினால் ஃபிளிப் ஃபிளாப்.

வெற்றிடக் குழாய்கள் இரண்டை வைத்து எக்கிள்ஸ், ஜோர்டன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இதற்கு 1918-ல் பிரிட்டனில் காப்புரிமை கோரினார்கள். கணித அறிஞர் ஜார்ஜ் பூலின் தர்க்கக் கணிதம் (ஆண்ட், ஆர், நாட் எல்லாம் அதில் வருபவைதான்) ஸ்விட்ச் சுற்றுகளுக்கு அப்படியே பொருந்தும் என்று அமெரிக்கப் பொறியாளர் கிளாட் ஷானன் காட்டியதே 1937-ல்தான். அந்தக் கணிதத்தைப் பூல் விரிவாக எழுதி வைத்ததோ 1854-ல். 'இதனால் உடனடிப் பயன் என்ன?' என்று கேட்டு ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் குழுக்கள் இந்த மூன்று ஆண்டுகளையும் அறைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

செட், ரீசெட் இரண்டுக்கும் 1 கொடுப்பது 'தடை செய்யப்பட்ட நிலை' என்று புத்தகம் சொல்லும், ஏன் என்று பல புத்தகங்கள் சொல்லாது. கொடுத்தால் ஒன்றும் வெடிக்காது, இரண்டு அவுட்புட்டும் 0 ஆகும், அவ்வளவே. சிக்கல் இரண்டையும் ஒரே கணத்தில் விடும்போது. இரண்டு கேட்டும் 0, 0 பார்த்து 1-க்குக் கிளம்பும், எதிராளியும் 1 ஆவதைப் பார்த்து இரண்டும் பின்வாங்கும். வாசலில் இருவர் "நீங்க போங்க", "இல்ல, நீங்க போங்க" என்று நிற்பது மாதிரி. அப்போது வோல்டேஜ் அந்த உத்தரவாதம் இல்லாத நடுப்பகுதியிலேயே தொங்கிக்கொண்டிருக்கலாம். மெட்டாஸ்டபிலிட்டி என்பது இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நடுப்புள்ளியிலிருந்து துளி விலகல் இருந்தாலும் வளையம் அதைப் பெருக்கும். ஒரு பேச்சுக்கு, ஒரு சுற்றுக்குப் பத்து மடங்கு என்று வையுங்கள். 1 மில்லிவோல்ட் விலகல் மூன்று சுற்றில் 1 வோல்ட் ஆகிவிடும். 1 மைக்ரோவோல்ட்டில் தொடங்கினால் ஆறு சுற்று. இன்னும் நெருக்கமாகத் தொடங்கினால் இன்னும் அதிகம். எவ்வளவு நெருக்கமாகவும் தொடங்கலாம் என்பதால், 'இத்தனை நேரத்துக்குள் கட்டாயம் முடிவு தெரிந்துவிடும்' என்று எந்த லேட்ச்சாலும் சொல்ல முடியாது! ஆனால் அதே கணக்கு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்கிறது: கூடுதலாகக் காத்திருக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும், இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றாகக் குறையும். 'கம்ப்யூட்டருக்கு 0, 1 தவிர வேறெதுவும் தெரியாது' என்பது நம் காலத்து மூடநம்பிக்கைகளில் ஒன்று என்று நான் சொல்வது இதனால்தான்.

ஃபிளிப் ஃபிளாப்பின் டேட்டா ஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில்) செட்டப் டைம், ஹோல்ட் டைம் என்று இரண்டு எண்கள் இருக்கும். கிளாக் துடிப்புக்குச் சற்று முன்னும் பின்னும் இன்புட்டை ஆட்டாதே என்று அர்த்தம். ஆட்டினால் இதே தொங்கல் வரலாம். சிப்புக்குள் எல்லாம் ஒரே கிளாக்கில் ஓடும்போது இந்த விதியை மதிக்கலாம். வெளியே ஒருவர் பட்டனை அழுத்தும் கணத்துக்கு எந்தக் கிளாக்கைத் தெரியும்? அதனால் வெளியிலிருந்து வரும் சிக்னலை அப்படியே உள்ளே விடாமல், அடுத்தடுத்து இரண்டு ஃபிளிப் ஃபிளாப் வழியாக எடுப்பார்கள். முதலாவது தடுமாறினாலும், இரண்டாவது அதைப் படிப்பதற்கு முன் தெளிந்துவிட ஏறக்குறைய ஒரு முழு கிளாக் சுழற்சி கிடைக்கிறது. கிளாக் மிக வேகமானால் அந்த அவகாசம் சுருங்கும், அப்போது மூன்றாவதாக ஒன்றைச் சேர்ப்பார்கள், சிக்னல் இன்னும் ஒரு சுழற்சி தாமதமாக வரும் என்பதைப் பொறுத்துக்கொண்டு.