டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன்

மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனை ஆலைகளில் லோரி எடை போடும் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்தக் கணினியில் ஏறும் எடையை வைத்துத்தான் சிறுதோட்டக்காரர்களுக்குப் பணம் போகிறது. ஒரு வரி விட்டுப்போனால் ஒருவருடைய பழக்குலைக்குக் கணக்கே இல்லாமல் போகும்.

ஓர் ஆலையில் மதர்போர்டை மாற்றி வேகமானதாகப் போட்டார்கள். ஐடிஇ என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் டிஸ்க்கும், அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளும் பழையவைதான். அப்புறம் தொடங்கியது தொல்லை. ரசீது அச்சாகிறது, கோப்பில் அந்த எடை இல்லை. கண்டுபிடித்தவர் ஆலைக் கிராணி (எழுத்தர்). "டிஸ்க் போச்சுண்ணே" என்றார் அங்கிருந்த தம்பி. புது டிஸ்க்கிலும் அதே கதை.

டிரைவருக்குள், நடப்பதைக் குறித்துவைக்கும் ஒரு லாக் வரி சேர்த்ததும் பிழை மறைந்தது. எடுத்தால் திரும்பி வந்தது. லாக் எழுதவும் நேரம் பிடிக்கும் அல்லவா? இப்படி நடந்தால் முதலில் நேரக்கணக்கைச் சந்தேகப்படுங்கள்.

டிஸ்க்குக்குக் கட்டளை கொடுத்தவுடன், 'வேலையில் இருக்கிறேன்' என்று காட்டும் 'பிஸி' பிட்டை அது ஏற்றிவிடாது. அதற்கு 400 நானோவினாடி வரை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது ஐடிஇ டிஸ்க்குகளுக்கான ஏடிஏ தரநிலையின் விதி. ஒளி சுமார் 120 மீட்டர் போகும் நேரம்தான் அது. அதற்குள் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் ஸ்டேட்டஸைப் படித்தால் பழைய நிலைதான் தெரியும். டிரைவரும் டிஸ்க் சும்மா இருப்பதாக நம்பி, அது வாங்கிக்கொள்ளத் தயாராகும் முன்பே தரவைத் தள்ளிவிடும். எங்கள் டிரைவர் காத்திருந்ததோ, எதுவும் செய்யாமல் இத்தனை தடவை என்று சுற்றும் வெற்று லூப் ஒன்றைச் சுற்றி. பழைய செயலியில் அது போதுமான நேரம். புதியதில் கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது.

இது புது நோய் இல்லை. 350 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் ஓடிய ஏஎம்டி கே6-2 செயலி கொண்ட கணினிகளில் விண்டோஸ் 95 துவங்கும்போதே நின்றுபோனது. லூப்பை வைத்து நேரம் அளந்த கணக்கு, செயலியின் வேகத்தில் அளந்த நேரம் பூஜ்யமாகி, பூஜ்யத்தால் வகுப்பதில் போய் முடிந்தது.

லூப் எண்ணிக்கையைப் பத்து மடங்காக்கினால் போதுமே என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடுத்த மதர்போர்டு வரும்போது அதே பள்ளம் காத்திருக்கும். நாங்கள் செய்தது வேறு. கட்டளை எழுதியதும், அதே நிலையைக் காட்டும் இன்னொரு இடமான மாற்று ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை ஒருமுறை படித்து, வந்த மதிப்பைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். கட்டளை வழியில் எங்கும் தேங்காமல் டிஸ்க்கைச் சேர்ந்ததை உறுதிசெய்யத்தான் அது. வழக்கமான ஸ்டேட்டஸைப் படித்தால் டிஸ்க் செயலியைக் கூப்பிட அனுப்பிய சைகையான, காத்திருக்கும் இன்டரப்ட் அழிந்துவிடும், அதனால் அதைத் தொடக்கூடாது. பிறகு கடிகாரத்தை வைத்து 400 நானோவினாடி. பிஸி இறங்கி, தரவு கேட்கும் பிட்டும் ஏறிய பின்புதான் எழுத்து.

கணினியை மாற்ற நினைக்கும் ஆலைக்காரர்கள் டிரைவர் கொடுத்த கம்பெனியிடம் முன்கூட்டியே ஒன்று கேளுங்கள்: உங்கள் டிரைவர் காத்திருப்பது லூப்பை எண்ணியா, கடிகாரத்தைப் பார்த்தா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.