தடுப்பணை நிற்கிறது, பாஸ்புக் யாரிடம் இருக்கிறது?

போன ஐப்பசியில் தருமபுரி பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். பத்து வருடத்துக்கு முன் நாங்கள் கட்டிக் கொடுத்த தடுப்பணை ஒன்று அங்கே இருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கையில் ஒரு விரிசல்கூடத் தெரியவில்லை. பரவாயில்லையே என்று கிட்டே போனால், ஓடை அந்த வழியாக வருவதே இல்லை. இடது கரையில் பக்கச்சுவர் முடிகிற இடத்தில் மண்ணை அறுத்துக்கொண்டு, எட்டடி அகலத்துக்குப் புதுவழி போட்டுப் போயிருக்கிறது. அணைக்குப் பின்னால் வண்டல் மேடு தட்டி, அதன்மேல் சீமைக்கருவேலம் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "தண்ணிக்கு வழி தெரியாமலா போவும் சார்?" என்றார்.

இது ஒரே மழையில் நடந்திருக்காது. முதல் வருடம் கரையோரம் ஒரு நண்டு வளை இருந்திருக்கும். அடுத்த மழைக்கு அது கை நுழைகிற ஓட்டை. வண்டல் நிரம்ப நிரம்ப வெள்ளம் உயரமாக வரும்; சுவரைத் தாண்டுவதோடு கரையையும் தொடும். அப்போது அந்த ஓட்டைதான் வாசல். இரண்டாம் வருடமே ஒருவர் பார்த்திருந்தால் ஒரு டிராக்டர் கல்லும் நாலு ஆள் கூலியும் போதும். இன்றைக்கு அதைச் சரிசெய்ய மதிப்பீடு போட்டால் அணை கட்டின காசில் பாதி ஆகும்.

நான் வேளாண் பொறியாளன். நீர்வடிப்பகுதித் திட்டங்களில்தான் பெரும்பாலும் வேலை பார்த்திருக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் "இன்னொரு தடுப்பணை கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். இருக்கிற அணையைப் பார்த்துக்கொள்ளப் பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அந்தப் பணம் இருக்கிறது. உங்கள் ஊர் பெயரிலேயே இருக்கலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெரிய பணத்தின் கதை. எந்தெந்த நிலத்தில் விழுகிற மழை ஒரே ஓடைக்கு வந்து சேருகிறதோ, அந்த நிலம் மொத்தமும் ஒரு நீர்வடிப்பகுதி. 2009-10ல் வந்த ஒருங்கிணைந்த நீர்வடிப்பகுதி மேலாண்மைத் திட்டத்தில் சமவெளிக்கு ஹெக்டேருக்கு 12,000 ரூபாய், மலை போன்ற கடினமான பகுதிக்கு 15,000 ரூபாய். பிறகு அது பிரதமரின் வேளாண் நீர்ப்பாசனத் திட்டத்துக்குள் போனது. 2021ல் வந்த புதிய வழிகாட்டுதல் இதை 22,000, 28,000 என்று உயர்த்தியது. தமிழ்நாட்டில் இதற்கு மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு.

"ஊருக்குக் கோடிக்கணக்கில் வந்துச்சாம், எல்லாம் எங்கே போச்சு?" என்று டீக்கடையில் பேசுவார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய விகிதத்தில் 500 ஹெக்டேருக்கு 60 லட்சம். அதில் மண், நீர் வேலைகளுக்கு 56 சதவீதம், அதாவது 33.6 லட்சம். நிர்வாகத்துக்கு 10, கண்காணிப்புக்கும் மதிப்பீட்டுக்கும் 2, ஊரின் நம்பிக்கையைப் பெற முதலில் செய்து கொடுக்கும் களம், தொட்டி போன்ற வேலைக்கு 4, பயிற்சிக்கு 5, திட்ட அறிக்கைக்கு 1, நிலமில்லாதவர்களின் பிழைப்புக்கு 9, விவசாய உற்பத்திக்கு 10, நிறைவுக் கட்டத்துக்கு 3. மண் வேலைக்கான அந்த 33.6 லட்சத்தை ஏக்கருக்குப் பிரித்தால் 2,700 ரூபாய் சொச்சம். அதுவும் நாலிலிருந்து ஏழு வருடத்துக்குச் சேர்த்து. எங்குமே திருட்டு நடப்பதில்லை என்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை. ஆனால் திருட்டே இல்லாவிட்டாலும் இந்தக் காசு ஒரு தடவை கட்டுவதற்குத்தான் காணும். திட்டம் முடிந்த மறு வருடத்துக்கு இதில் ஒரு பைசா கிடையாது.

சரி, இந்தக் காசை எதில் போடுவது? ஊரில் கை தூக்கச் சொன்னால் எல்லோரும் தடுப்பணைக்குத் தூக்குவார்கள். கண்ணுக்குத் தெரிகிற பொருள், கல்வெட்டு வைக்கலாம், போட்டோ எடுக்கலாம். இருபது மீட்டர் அகல ஓடையில், நூறுக்கு ஒன்று சரிவில், ஒரு மீட்டர் உயர அணை கட்டினால் நூறு மீட்டர் தூரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அணையருகே ஒரு மீட்டர் ஆழம், மேலே போகப் போகக் குறைந்து ஒன்றுமில்லாமல் போகும். மொத்தம் 1,000 கன மீட்டர், பத்து லட்சம் லிட்டர். இதே 500 ஹெக்டேரில் மேட்டு நிலமெல்லாம் வரப்புப் போட்டு, ஒரு மழையில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக மண்ணுக்குள் இறங்க வைத்தால்? ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் என்பது 10,000 லிட்டர். ஆக 50 லட்சம் லிட்டர். ஐந்து தடுப்பணை ஒரு தரம் நிரம்புகிற தண்ணீர், யார் கண்ணிலும் படாமல் மண்ணுக்குள் போய்விடும். மண்ணும் மேலேயே தங்கிவிடுவதால் கீழே இருக்கும் அணை சீக்கிரம் மேடாகாது. அதனால்தான் வேலையை முகட்டில் தொடங்கிப் பள்ளத்துக்கு இறங்கி வா என்கிறது விதி. வழிகாட்டுதலில் இருக்கிறது; நடப்பில் பல ஊர்களில் தலைகீழாகத்தான் நடந்தது.

இப்போது சின்னப் பணத்துக்கு வருகிறேன். உங்கள் சொந்த நிலத்தில் இந்தத் திட்டத்தில் வரப்போ பண்ணைக்குட்டையோ போட்டிருந்தால், செலவில் குறைந்தது 10 சதவீதம் நீங்கள் பங்குத்தொகை கட்டியிருக்க வேண்டும். சிறு குறு விவசாயிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 5 சதவீதம். காசாகக் கட்டலாம், உழைப்பாகவும் கொடுக்கலாம். உழைப்பாகக் கொடுத்தால் அதன் மதிப்புக்குரிய தொகையைத் திட்டக் கணக்கிலிருந்து எடுத்துத் தனிக் கணக்கில் போட வேண்டும். அந்தத் தனிக் கணக்குக்கு நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதி என்று பெயர். திட்டம் முடிந்து நாங்கள் கிளம்பிய பிறகு பொது இடத்துக் கட்டுமானங்களைப் பழுதுபார்க்க அந்தப் பணம். சொந்தக்காரர் கிராம சபை. தனியார் நிலத்தில் 15 லட்சத்துக்கு வேலை நடந்து, எல்லோரும் சிறு விவசாயிகள் என்றாலும் 75,000 ரூபாய் சேர்ந்திருக்கும்.

இதில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் வந்தால் எங்களுக்குக் கண் தெரியாது. நிதியாண்டு முடிவதற்குள் செலவு காட்டியாக வேண்டும். ஒரு ஊரில் வீடு வீடாகப் பங்குத்தொகை வாங்க நேரமில்லை என்று, மண்வேலை எடுத்துச் செய்தவரே மொத்தமாகக் கட்டிவிட்டார். வங்கி ரசீதைப் பார்த்து நானும் கையெழுத்துப் போட்டேன். கணக்கு நேராகிவிட்டது. தன் கையால் இருநூறு ரூபாய் கட்டியவர் "என் காசு என்ன ஆச்சு?" என்று வருடா வருடம் கேட்பார். அந்த ஊரில் கேட்பதற்கு ஆளே இல்லாமல் செய்துவிட்டோம். அப்படி ஒரு நிதி இருப்பதே ஊருக்குத் தெரியாது.

அமெரிக்காவில் 1930களில் புழுதிப் புயல் விளைநிலங்களை அள்ளிக்கொண்டு போனபோது, உள்ளூர் அளவில் மண், நீர் பாதுகாப்பு மாவட்டங்கள் என்று அமைத்தார்கள். 1937ல் வட கரோலினாவின் பிரவுன் கிரீக்கில் தொடங்கியது, இன்று ஏறக்குறைய 3,000 இருக்கின்றன. பெரும்பாலும் உள்ளூர் விவசாயிகளையே தேர்ந்தெடுத்துக் குழுவில் உட்கார வைக்கிறார்கள். ஒஹையோ மாநிலத்தில் உள்ளூர் நிர்வாகம் தருகிற தொகையைப் பார்த்து மாநிலமும் தன் பங்கைப் போடுகிறது. அவர்கள் நிலப்பரப்பு வேறு, வசதி வேறு, ஒப்பிட்டுப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. நான் கவனித்தது ஒன்றுதான்: அங்கே அமைப்பு நிரந்தரம், திட்டங்கள் வந்து போகின்றன. நம்மிடம் திட்டம் முடிந்த அன்றே, ஊரில் அதை நடத்திய நீர்வடிப்பகுதிக் குழுவும் கலைந்துவிடுகிறது. முன்பு கண்மாய், ஏரிகளில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விட்ட காசில் மடையைப் பழுதுபார்த்த ஊர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும்.

ஐப்பசியில் போன ஊருக்கே திரும்புகிறேன். அன்று சாயங்காலம் வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்தோம். நிதிக் கணக்கைப் பற்றிக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் மகளிர் குழுவில் இருந்த ஒரு அம்மா எழுந்து போய், அந்தக் காலத்தில் குழுச் செயலாளராக இருந்தவர் வீட்டிலிருந்து ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்தார். உள்ளே பழைய கிஸ்தி ரசீதுகளோடு பாஸ்புக். கடைசிப் பதிவு எட்டு வருடம் முந்தையது. வங்கியில் வட்டி போட்டுப் பார்த்தபோது ஒரு லட்சத்துச் சொச்சம் இருந்தது.

வரவு செலவு இல்லாமல் இரண்டு வருடம் கிடந்தால் அந்தக் கணக்கைச் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். பத்து வருடம் தாண்டினால் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரிமை போகாது, வங்கி மூலமாகவே கேட்டு வாங்கலாம்; ஆனால் அலைச்சல். பாஸ்புக்கே கிடைக்காதவர்கள் ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். 2009ஐ ஒட்டி நடந்த திட்டங்களின் கணக்குகளில் சில அந்தப் பத்து வருடக் கோட்டைத் தாண்டியிருக்கும், பல நெருங்கிக்கொண்டிருக்கும். அதனால் ஆறப்போட வேண்டாம். பழைய கையெழுத்துக்காரர்களை மாற்றக் கிராம சபைத் தீர்மானம் வேண்டும். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தன்று நடப்பது இதற்குப் பொருத்தமான நாள். தீர்மானத்தில் கணக்கு எண்ணையும் இருப்புத் தொகையையும் எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டும் இல்லாத தீர்மானத்தை வங்கியில் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

பணம் கைக்கு வந்ததும் உடைந்த அணைக்கு ஓடாதீர்கள். புரட்டாசி பிறப்பதற்குள் நாலு பேர் முகட்டிலிருந்து ஓடை வழியே நடந்து வாருங்கள். பொது நிலத்து வரப்பில் எங்கே அறுத்திருக்கிறது, உபரித் தண்ணீர் வழிகிற இடத்தில் கல் இருக்கிறதா, அணைக்குக் கீழே பரப்பிய கல் குழிந்திருக்கிறதா, பக்கச்சுவர் ஓரம் வளை இருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் சின்னதிலேயே எடுத்துவிட வேண்டும். வேர் உள்ளே போனால் கட்டடம் பிளந்துவிடும். சாமி மரம் என்று பிடுங்கத் தயங்குவார்கள், அதனால் ஒரு குழி வெட்டி வேறு இடத்தில் நட்டுவிடச் சொல்வேன். வண்டலை அள்ளக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. வேண்டுகிறவர்கள் ஊர் முடிவுப்படி வயலுக்கு எடுத்துப் போகட்டும், அணையும் காலியாகும்.

அந்த ஊரில் ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். வங்கி வேலை முடிய மேலும் இரண்டு மாதம் ஆனது. அறுத்துக்கொண்ட பெரிய அணையை இந்தப் பணத்தில் தொட முடியாது என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். அதற்கு வேறு திட்டத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள். மேலே ஓடையில் இன்னும் நல்லபடியாக நிற்கிற இரண்டாவது அணையின் கரையில் ஒரு வளை இருந்தது. முதல் செலவு அதற்குத்தான்: ஒரு டிராக்டர் கல், மூன்று ஆள் கூலி. ரசீதைப் பாஸ்புக்குக்குள் மடித்து வைத்திருக்கிறார் அந்த அம்மா. மஞ்சப்பை இப்போது அவர் வீட்டு ஆணியில் தொங்குகிறது.