ஆன்டி டி.பி.ஓ. கூடியிருக்கிறது என்றால்?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ காலையில் ஒரு லேபுக்குப் போனால், தைராய்டுக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் சிலராவது உட்கார்ந்திருப்பார்கள். தைராய்டைச் சுரக்கச் சொல்லி பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோனான டி.எஸ்.எச். பற்றி இப்போது பலருக்கும் தெரியும். அது கூடினால் தைராய்டு மந்தம், குறைந்தால் தைராய்டு அதிகமாக வேலை செய்கிறது. ஆளைக் கலங்கடிப்பது அதற்குக் கீழே வரும் வரிதான்: ‘ஆன்டி டி.பி.ஓ. 600-க்கு மேல்’.

டி.பி.ஓ. என்பது தைராய்டு பெராக்ஸிடேஸ் என்ற நொதி. சாப்பாட்டிலிருந்து வரும் அயோடினை ஹார்மோனில் சேர்த்துக் கட்டுவது இதன் வேலை. நம் நோய் எதிர்ப்பு மண்டலம் ஏதோ காரணத்தால் இந்தச் சொந்த நொதியையே அந்நியன் என்று நினைத்துவிட்டால், அதற்கு எதிராக ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் புரதங்கள் உருவாகி ரத்தத்தில் சுற்றும். அவைதான் ஆன்டி டி.பி.ஓ. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-லேயே நான்கு பெண்களின் தைராய்டில் வெள்ளணுக்கள் குவிந்திருப்பதை விவரித்துவிட்டார். ஆனால் உடலே தன் தைராய்டைத் தாக்குகிறது என்பது தெரிய 1956 வரை ஆனது. அந்த ஆண்டுதான் லண்டனில் டோனியக், ராய்ட் குழுவினர் ஹாஷிமோட்டோ நோய் என்றே பெயர் பெற்ற இந்தப் பாதிப்பு உள்ளவர்களின் ரத்தத்தில் தைராய்டு புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகளைக் கண்டார்கள். அதே ஆண்டில் நியூசிலாந்தில் ஆடம்ஸும் பர்வஸும் இதற்கு நேர் எதிரான ஒன்றைப் பிடித்தார்கள். தைராய்டை முடுக்கிவிடும் ஒரு பொருள் அது. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்குக் காரணமான அந்த ஆன்டிபாடியைத்தான் இன்று டி.ஆர்.ஏ.பி. என்ற பெயரில் அளக்கிறோம்.

சரி, லேபில் என்ன நடக்கிறது? மஞ்சள் மூடிக் குழாயில் எடுத்த ரத்தம் அரை மணி நேரம் உறையும். பிறகு சுழற்றினால் சீரம் மேலே தெளிந்து நிற்கும். ஆன்டிபாடியைப் பிடிக்கப் பல கருவிகளில் தூண்டில் போடுவது மாதிரிதான் செய்கிறார்கள். நுண்மணிகளில் இரையாக டி.பி.ஓ. பூசப்பட்டிருக்கும். சீரத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததையெல்லாம் கழுவிவிட்டு, மனித ஆன்டிபாடியை அடையாளம் காணும் இன்னொரு ஆன்டிபாடியை, ஒளிரும் குறியுடன் சேர்ப்பார்கள். மறுபடி ஒரு கழுவல். கடைசியில் வரும் வெளிச்சத்தின் அளவுதான் ரிப்போர்ட்டில் எண்ணாக மாறுகிறது.

டி.எஸ்.எச்.-க்கு ஒரு ஆன்டிபாடி ஒருபக்கம் பிடிக்க, மறுபக்கம் இன்னொன்று ஒளி தரும். வெளிச்சம் கூடினால் டி.எஸ்.எச். கூடுதல். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 மிகச் சிறிய மூலக்கூறு, இரண்டு பக்கமும் பிடிக்க இடம் கிடையாது. அதனால் குறியிட்ட டி4-ஐப் போட்டிக்கு விடுகிறார்கள். இங்கே கணக்கு தலைகீழ்: வெளிச்சம் குறைந்தால் டி4 கூடுதல்.

இந்த இரண்டு கணக்கிலும் பயோட்டின் என்ற வைட்டமின் புகுந்து விளையாடும். பல கருவிகளில் ஆன்டிபாடியை மணியோடு பிணைக்கும் கொக்கியே பயோட்டின்தான். முடி கொட்டுகிறது என்று கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரையில் 10 மில்லிகிராம் பயோட்டின் இருப்பது சாதாரணம். ஒரு நாளுக்கு உடம்புக்குப் போதுமானது சுமார் 30 மைக்ரோகிராம். மிஞ்சியது ரத்தத்தில் சுற்றி, மணியில் உள்ள இடங்களை அடைத்துக்கொள்ளும். பிடிபட வேண்டியவை கழுவலில் போய்விடும், வெளிச்சம் மங்கும். விளைவாக டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், டி4 பொய்யாகக் கூடும். சில கருவிகளில் டி.ஆர்.ஏ.பி.யும் கூடிக் காட்டும். ரிப்போர்ட்டைப் பார்த்தால் அசல் கிரேவ்ஸ்! முடி கொட்டுவதற்காகத்தான் பல பெண்கள் தைராய்டு டெஸ்டுக்கே வருகிறார்கள் என்பதால், பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதுதான் லேபில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பே அந்த மாத்திரையை நிறுத்திவிடுவது நல்லது.

இனி அந்த 600-க்கு வருவோம். ஆன்டி டி.பி.ஓ. நோயின் காரணத்தைச் சொல்கிறது, தைராய்டின் இன்றைய நிலைமையை அல்ல. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலும் பத்தில் ஒருவருக்கு இது இருக்கலாம். இங்கிலாந்தின் விக்காம் பகுதியில் பெண்களை 20 ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். ஆன்டிபாடி மட்டும் இருந்தவர்களில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதத்தினருக்கே தைராய்டு சுரப்பு குறைந்தது. டி.எஸ்.எச்.-உம் கூடியிருந்தால் அது 4 சதவீதத்துக்குச் சற்று மேல். தைராய்டு மாத்திரையின் அளவைத் தீர்மானிப்பது டி.எஸ்.எச்.தான். ஆன்டிபாடி இருப்பது ஒருமுறை உறுதியானபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அளந்து பார்ப்பது வீண்செலவு என்பேன். லேபை மாற்றினால் ஒப்பிடவும் முடியாது: ஒரு கருவியில் இயல்பு எல்லை 34, இன்னொன்றில் 9. டி.ஆர்.ஏ.பி. கதை வேறு. அது நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகும் என்பதால், கிரேவ்ஸ் உள்ள கர்ப்பிணிகளுக்கு மறுபடி பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

மரச்சீனிக் கிழங்கைப் பற்றியும் நம் மாவட்டத்தில் கேட்காமல் விடமாட்டார்கள். கிழங்கில் உள்ள சயனைடு உடலில் தயோசயனேட்டாக மாறி அயோடின் உள்ளே போவதைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் அயோடின் பற்றாக்குறை இருக்கும் இடத்தில்தான் அது பெரிய தொந்தரவு. அயோடின் உப்பும் கடல்மீனும் புழங்கும் வீட்டில், நன்றாக வேகவைத்து நீரை வடித்த கிழங்கை மீன் குழம்போடு சாப்பிடுகிறவர் ஆன்டிபாடிக்கு அதைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

தைராய்டு டெஸ்டுக்கு மட்டும் என்றால் வெறும் வயிறு கட்டாயமில்லை. ஆனால் டி.எஸ்.எச். இரவில் ஏறி பிற்பகலில் இறங்கும், அதனால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே நேரத்தில் கொடுங்கள். காலையில் போடும் தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம். அளவை மாற்றிய மறுவாரமே லேபுக்கு ஓட வேண்டாம். டி4-இன் அரை ஆயுள் ஏழு நாள், புது அளவு ரத்தத்தில் நிலைத்து டி.எஸ்.எச். அதற்கேற்ப அடங்க ஆறு வாரமாவது ஆகும்.