கம்பி மார்பில் எங்கே இறங்குகிறது? பெஞ்ச் பிரஸின் விநோத வடிவங்களும் தோள்மூட்டின் கணக்கும்

வேலூரில் சித்திரை பிறந்துவிட்டால் காலை எட்டு மணிக்கு மேல் தகரக் கூரைக்குக் கீழே நிற்க முடியாது என்பதால், சத்துவாச்சாரியில் நான் பயிற்சி செய்யும் ஜிம்மில் ஐந்தரை மணிக்கே பெஞ்சைச் சுற்றி ஆள் சேர்ந்துவிடுகிறது. அண்மையில் ஒரு காலைப் பொழுதில், அந்த ஒரே பெஞ்சில் நான்கு விதமான பெஞ்ச் பிரஸ்களைப் பார்த்தேன். பெஞ்சில் மல்லாந்து படுத்து, இருபுறமும் எடை மாட்டிய இரும்பு ராடை மார்புக்கு இறக்கி மேலே தள்ளுவதுதான் பெஞ்ச் பிரஸ். ஒரு கல்லூரி மாணவர் ராடைக் கழுத்துவரை இறக்கினார். அடுத்தவர் உள்ளங்கை தம் முகத்தைப் பார்க்கும்படி அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். மூன்றாமவர் முதுகை வில்லாக வளைத்து, ராடு ஒரு சாண் தூரம்கூட நகராதபடி தள்ளினார். நான்காமவரோ கால்கள் இரண்டையும் அந்தரத்தில் நீட்டியிருந்தார். மாஸ்டர் நால்வரையும் பார்த்து, "ஒழுங்கா பண்ணுங்கப்பா" என்று பொதுவாக அதட்டிவிட்டுப் போனார். அவர் சொன்ன அந்த ஒழுங்கு எது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

சத்துவாச்சாரி என்றதும் எடை தூக்குவோருக்கு நினைவு வருகிறவர் சதீஷ் சிவலிங்கம். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் பளுதூக்குதல் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் முறையில் 149, கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றவர். 2018இல் கோல்டு கோஸ்டிலும் தங்கத்தைத் தக்கவைத்தார். ஆனால் அவர் வென்ற விளையாட்டில் பெஞ்ச் பிரஸ் இல்லை. மல்லாந்து படுத்துத் தள்ளுவது பவர்லிஃப்டிங் என்னும் வேறொரு விளையாட்டின் அங்கம். நாம் விநோதம் என்று பார்க்கும் வடிவங்களில் சில அந்தப் போட்டி விதிகளின் இடுக்குகளில் பிறந்தவை. வேறு சில காயங்களிலிருந்தும், தசையின் அழகை நாடிய உடற்கட்டுக்காரர்களின் சோதனைகளிலிருந்தும் வந்தவை. ஒரு வடிவம் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால், அது நமக்கு உதவுமா என்பதில் பாதி விடை கிடைத்துவிடும்.

மீதிப் பாதி இயற்பியல். நீர் நிறைந்த குடத்தை இடுப்பில் அணைத்தால் தெருக்கோடி வரை நடக்கலாம். அதையே கையை நீட்டிப் பிடித்தால் பத்து எண்ணுவதற்குள் தோள் கடுக்கும். குடத்தின் எடை மாறவில்லை. மூட்டுக்கும் எடைக்கும் இடையிலான கிடைமட்டத் தூரம் மாறியிருக்கிறது. விசையை இந்தத் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன். தசை ஈடுகொடுக்க வேண்டியது அதற்குத்தான். 60 கிலோ ராடில் ஒரு கைக்கு 30 கிலோ, அதாவது ஏறத்தாழ 294 நியூட்டன். ராடு மார்பின் கீழ்ப்பகுதியைத் தொடும்போது, அது தோள்மூட்டுக்கு நேர் மேலே இல்லாமல் கால்பக்கமாக 15 செ.மீ தள்ளி நிற்பதாகக் கொண்டால், அந்தத் திசையில் ஒவ்வொரு தோளும் ஏறத்தாழ 44 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறனைச் சமாளிக்க வேண்டும். அதே ராடைத் தள்ளும்போது தலைப்பக்கமாகச் சாய்த்து 5 செ.மீ தொலைவுக்குக் கொண்டுவந்துவிட்டால், அந்தத் திருப்புத்திறன் 15 நியூட்டன் மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கைதேர்ந்தவர்களின் ராடு நேர்க்கோட்டில் ஏறாமல், தொடக்கத்திலேயே முகத்தை நோக்கி வளைந்து ஏறுவதற்குக் காரணம் இதுவே.

தோள்மூட்டைக் கால்பக்கமாக மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் எடை இழுக்கிறது. ஆனால் இரு கைகளும் ஒரே இரும்புக் கம்பியைப் பற்றியிருப்பதால், நாம் அறியாமலேயே அதை இருபுறமும் இழுத்துப் பிளப்பதுபோல் வெளிப்புறமாகவும் தள்ளுகிறோம். இந்தப் பக்கவாட்டு விசை, மேல்நோக்கிய விசையில் ஏறத்தாழ கால்பங்கு இருப்பதை அளந்திருக்கிறார்கள். இதனால் முழங்கையை நீட்டும் முத்தலைத் தசையும் பாரத்தில் பங்கேற்கிறது. டம்பெல்லை அப்படி வெளியே தள்ளினால் கை விரிந்து எடை விழுந்துவிடும். ராடில் 80 கிலோ தள்ளுகிறவர் இரண்டு 40 கிலோ டம்பெல்களுடன் திணறுவதில் தடுமாற்றத்தின் பங்கோடு இந்தக் காரணமும் கலந்திருக்கிறது.

கழுத்துவரை இறக்கும் முறையை ஆங்கிலத்தில் தலைவெட்டும் பொறியான கில்லட்டின் பெயரால் அழைக்கிறார்கள். கலிபோர்னியாவில் உடற்கட்டுப் பயிற்சி அளித்த வின்ஸ் ஜிரோண்டா அதைப் பரப்பியவர். முழங்கைகளைச் சிறகுபோல் முழுக்க விரித்து, ராடைக் கழுத்தின் அடிக்கு இறக்கும்போது, கால்பக்கத் தூரம் ஏறக்குறைய இல்லாமல் போய், பாரம் பெரும்பாலும் பக்கவாட்டுத் திசைக்கு மாறிவிடுகிறது. அந்த அசைவுக்கு உரிய பெருமார்புத் தசை நன்றாக நீண்டு உழைக்கிறது. அவ்வளவில் ஜிரோண்டாவின் நோக்கம் பழுதில்லை. ஆனால் மேற்கை எலும்பு உடலுக்குச் செங்குத்தாக விரிந்து உட்புறம் சுழன்ற நிலையில், அதன் தலைக்கும் தோளின் உச்சி எலும்புக்கும் இடையிலுள்ள குறுகிய சந்து மேலும் நெருக்குண்டு, அதன் வழியே செல்லும் தசைநாண் உராய்கிறது. கை தவறினால் ராடு விழும் இடம் தொண்டை என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை. இதே நீட்சியை லேசான டம்பெல்களைக் கொண்டு, முழங்கையைச் சற்றே உள்வாங்கிச் செய்து பெற்றுவிடலாம் என்பதால், ராடுடன் இதைச் செய்வதற்கு எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை.

தலைகீழ்ப் பிடியின் கதை வேறு. பார்ப்பதற்கு இதுவே மிகவும் கோணலானது. ஆனால் என் கணிப்பில் இந்த நால்வரில் அதிகம் பொருள்பட உழைத்தவர் இவர்தான். உள்ளங்கை திரும்பியதும் முழங்கைகள் தாமாகவே விலாவோடு ஒட்டிக்கொள்கின்றன. கை விரிந்து மூடுவதற்குப் பதிலாக முன்னோக்கி உயர்கிறது. பெருமார்புத் தசையில் காறை எலும்பிலிருந்து புறப்படும் மேற்பகுதி நார்களுக்கு உரிய வேலை இந்த உயர்த்தலே. 2005இல் வெளியான ஒரு மின்தசை அளவீட்டு ஆய்வில், பிடியைத் தலைகீழாக்கியபோது மார்பின் மேற்பகுதியிலும் மேற்கையின் இருதலைத் தசையிலும் மின்செயல் கூடியது பதிவானது. தோலில் ஒட்டிய மின்முனை காட்டும் குறிப்பு தசை வளர்ச்சிக்கு அத்தாட்சி ஆகாது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். ஆனாலும் இங்கே அளவீடும் உடற்கூறும் ஒரே திசையைக் காட்டுகின்றன. அமெரிக்காவின் ஆந்தனி கிளார்க், தள்ளுவதற்கு உதவும் இறுக்கமான அழுத்தச் சட்டை அணிந்து இதே பிடியில் 700 பவுண்டுக்கு மேல், அதாவது 317 கிலோவைத் தாண்டித் தள்ளியவர். சிக்கல் எல்லாம் ராடைத் தாங்கியிலிருந்து எடுப்பதிலும் திரும்ப வைப்பதிலும்தான்: மணிக்கட்டு திரும்பியிருக்கையில் ராடு விரல்நுனிப் பக்கம் நழுவப் பார்க்கும். பக்கத்தில் ஒருவர் சப்போர்ட்டுக்கு நில்லாமல் இதைத் தொடக் கூடாது. பன்னாட்டுப் பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் விதிகளில் இந்தப் பிடிக்கு அனுமதியே இல்லை.

கட்டைவிரலைச் சுற்றாமல் மற்ற விரல்களின் பக்கமே வைத்துத் தள்ளும் பிடிக்கும் அங்கே தடைதான். அதை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணம் உண்மையானது: ராடு உள்ளங்கையின் அடிமேட்டில், முன்கை எலும்புகளுக்கு நேர்மேலே அமர்வதால் மணிக்கட்டு பின்னால் மடங்கி வலிப்பதில்லை. ஆனால் கையைச் சற்று உட்புறம் திருப்பிப் பற்றினால் கட்டைவிரலைச் சுற்றியபடியே அதே இடத்தில் ராடை அமர்த்தலாம். கட்டைவிரலின் அருமையை வேலூர்க்காரர்களுக்கு விளக்குவது சற்று வேடிக்கைதான். 1940களின் பிற்பகுதியில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் செயலிழந்த கைகளில் தசைநாண்களை இடம்மாற்றிப் பொருத்தி, அவை மீண்டும் பற்றும்படி செய்த ஊர் இது. மற்ற நான்கு விரல்களும் கொக்கியாக மாட்டிக்கொள்ளத்தான் முடியும். எதிரே நின்று பூட்டுப் போடுவது கட்டைவிரல். கத்திரி வெயிலில் வியர்த்த கையில் அந்தப் பூட்டும் இல்லையென்றால், ராடு மார்பின் மேல் உருள்வதைத் தடுக்க எதுவுமில்லை.

வில்லாக வளையும் முதுகைக் கண்டு ஏமாற்றுவேலை என்று சிரிப்பவர்கள் உண்டு. வேலை என்பது விசை பெருக்கல் தூரம். 60 கிலோவை 40 செ.மீ உயர்த்த ஏறத்தாழ 235 ஜூல் தேவை. வளைவால் தூரம் 25 செ.மீ ஆகக் குறைந்தால் 147 ஜூல் போதும். போட்டியில் எடைக்குத்தான் பதக்கம், தூரத்துக்கு அல்ல என்பதால் இது நியாயமான தந்திரமாகவே இருந்தது. உடல் வளையும் தன்மை மிகுந்த சிலர் ராடைச் சில அங்குலம் மட்டுமே நகர்த்தி வென்றபோதுதான் பேச்சு எழுந்தது. 2023 ஜனவரி முதல், ராடு கீழே இருக்கும்போது முழங்கையின் அடிப்பகுதி தோள்மூட்டின் மேற்பகுதி மட்டத்திற்கோ அதற்குக் கீழோ இறங்கியாக வேண்டும் என்று பன்னாட்டுக் கூட்டமைப்பு விதித்தது. இதற்காக வளைவையே வெறுக்க வேண்டியதில்லை. ராடின் எடை மேல்முதுகின் வழியாக நேரே பெஞ்சுக்குப் போய்விடுவதால், குத்துக்காலிட்டுத் தூக்கும்போது போல இடுப்பு முள்ளெலும்புகள் அதைச் சுமப்பதில்லை. தோள்பட்டை எலும்புகளைப் பின்னுக்கு இழுத்துச் செய்யும் மிதமான வளைவு, மேற்கை எலும்பு அளவுக்கு மீறிப் பின்னால் போகாமல் தோளைக் காக்கிறது. போட்டிக்குப் போகாத ஒருவர் அதற்கு மேல் வளைவது, மார்புக்குக் கிடைக்க வேண்டிய நீட்சியைத் தாமே குறைத்துக்கொள்வதாகும்.

அந்தரத்தில் கால் நீட்டியவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தரையை உதைக்கும் விசை போய்விடுவதால் தள்ளக்கூடிய எடை குறையும், மேலுடல் மட்டும் உழைக்கும். கால் வலிக்கும் நாளில் பொருத்தமான மாற்று. பெரிய காற்றுப்பந்தின் மேல் படுத்துத் தள்ளுவதைப் பற்றியும் அவ்வளவே. 2004இல் வெளியான ஒரு கனடிய ஆய்வு, நிலையற்ற தளத்தில் தள்ளும் விசை ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தும் தசைகளின் மின்செயல் பெரிதாக மாறவில்லை என்று கண்டது. அதாவது தசையின் உழைப்பு எடையை விட்டுவிட்டு உடலை நிலைநிறுத்துவதிலேயே தீர்ந்துபோகிறது. பலம் வேண்டுமென்று வருகிறவருக்கு இது பயனற்றது. கனமான எடை ஆகாதென்று மருத்துவர் சொன்ன தோளுக்கு ஓரளவு உதவலாம்.

மார்பில் மோதித் துள்ளவிடுவதை யாரும் விநோதம் என்று சொல்வதில்லை; அவ்வளவு பரவலாக இருக்கிறது. வேகமாக நீளும் தசையும் நாணும் ரப்பரைப்போல் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகின்றன. கீழே ஒரு விநாடி நிறுத்தினாலே அந்த உதவியில் ஏறத்தாழ பாதி கரைந்துவிடும். போட்டியில் ராடு அசைவற்று நின்ற பிறகே நடுவர் தள்ளச் சொல்வது இதனால்தான். 327.5 கிலோ தள்ளிய எரிக் ஸ்போட்டோவின் பெயரில் வழங்கும் முறையில், ராடை மார்பைத் தொடவிடாமல் ஓரங்குலம் மேலேயே நிறுத்துகிறார்கள். துள்ளலும் இல்லை, மார்பின் தாங்கலும் இல்லை. எடையில் பத்துப் பதினைந்து கிலோவைக் குறைத்துக்கொள்ளும் பணிவு இருப்பவருக்கு இதைவிட நேர்மையான ஆசிரியர் கிடையாது.

பெஞ்சே இல்லாமல் தரையில் படுத்துத் தள்ளுவதுதான் இவற்றில் மூத்த முறை. ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட் போன்ற 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கால பலசாலிகள் தரையில் மல்லாந்தே தள்ளினார்கள். மேற்கை தரையைத் தொட்டதும் அசைவு நின்றுவிடுவதால் தோள் பின்னுக்கு இழுபடாது. தோள்முன் வலியுள்ளவர்களுக்கு இதனாலேயே இது ஏற்றது. போட்டித் தரத்திலுள்ள பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ என்பதால், கைவிட்டாலும் ராடு தரைக்கு 22 செ.மீ மேலே நின்று கழுத்தைத் தப்பவிடும். நம்மூர் ஜிம்களில் புழங்கும் சிறிய இரும்பு பிளேட்டுகளுக்கு அந்த உயரம் கிடையாது.

பெஞ்ச் பிரஸின் எந்த வடிவத்தாலும் தர முடியாத ஒன்று மிச்சமிருக்கிறது. மல்லாந்து படுத்ததும் தோள்பட்டை எலும்புகள் முதுகுக்கும் பெஞ்சுக்கும் நடுவே சிறைப்பட்டுவிடுகின்றன. தண்டால் எடுக்கும்போது அவை விலாவின் மேல் தடையின்றி வழுக்கி, கை நீளும் கடைசி நொடியில் முன்னோக்கி விரிகின்றன. அப்படி விரிப்பது விலாவின் பக்கத்தில் ரம்பப் பல் போல் படர்ந்திருக்கும் தசையின் வேலை. அதிலும் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் சுமக்கின்றன. 75 கிலோ எடையுள்ளவருக்கு அது 50 கிலோ. அன்று காலை பெஞ்சுக்காகக் காத்திருந்த நேரத்தில், நால்வரில் ஒருவர்கூடத் தரையில் கை ஊன்றவில்லை.