குறிப்பைப் படிக்காமல் வந்த விடை

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாளிதழ்க் குறுக்கெழுத்தில் நான்கு கட்டச் சொல் ஒன்று. மேலிருந்து கீழாக வந்த சொற்களால் இரண்டாம் கட்டத்தில் 'ங்', நான்காம் கட்டத்தில் 'லி' விழுந்திருந்தன. குறிப்பைப் படிப்பதற்கு முன்பே 'சங்கிலி' என்று எழுதிவிட்டேன். மறுநாள் விடையும் அதுதான். குறிப்பைப் பார்க்காமல் எழுதுவது ஏமாற்று வேலை என்கிறார் என் கணவர். அது கிடக்கட்டும், அந்த விடை எங்கிருந்து வந்தது?"

கணவன் மனைவி வழக்கில் நான் தீர்ப்புச் சொல்வதாக இல்லை. ஆனால் இரண்டாம் கேள்வி அருமையானது. அதற்கான விடையில் பாதி நன்னூலிலும் மீதி ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலும் இருக்கிறது.

முதலில் எண்ணிப் பார்ப்போம். தமிழ்க் குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. நான்கு வெற்றுக் கட்டங்களை மனம்போன போக்கில் நிரப்பினால் சுமார் 372 கோடி வழிகள். இரண்டு கட்டங்கள் தெரிந்துவிட்டால் மிச்சம் 247ஐ 247ஆல் பெருக்கியது, அதாவது 61,009. இது பெரிய இறக்கம்தான். ஆனாலும் 61,009 சேர்க்கைகளை யாரும் மனத்தில் ஓட்டிப் பார்ப்பதில்லை. வாசகியும் பார்த்திருக்க மாட்டார்.

இங்கேதான் இலக்கணம் வேலை செய்கிறது. சொல்லுக்கு முதலில் எந்த எழுத்து வரலாம் என்று நன்னூல் வரையறுத்திருக்கிறது. உயிர் பன்னிரண்டும் வரும். க, ச, த, ந, ப, ம வரிசைகள் முழுதாக வரும். வ-வில் எட்டு, ய-வில் ஆறு, ஞ-வில் நான்கு, ங-வில் ஒன்று. கூட்டினால் 103. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்த கணக்கு இது. முதல் கட்டம் 247இலிருந்து 103க்கு இறங்கிவிட்டது.

மூன்றாம் கட்டத்தில் நடப்பது இதைவிட அழகு. அதன் இடப்பக்கம் 'ங்' உட்கார்ந்திருக்கிறது. அங்ஙனம், இங்ஙனம் போன்ற பழஞ்சொற்களை ஒதுக்கினால், 'ங்' என்ற மெய்க்குப் பின் க-வரிசை தவிர வேறெதுவும் வராது. மாங்காய், வேங்கை, தூங்கு, சுரங்கம் என்று எதை எடுத்தாலும் அப்படித்தான். ஆகவே மூன்றாம் கட்டத்துக்கு வேட்பாளர்கள் பன்னிரண்டே பேர். 103ஐ 12ஆல் பெருக்கினால் 1,236. அகராதியை இன்னும் திறக்கவே இல்லை, அதற்குள் 61,009 இப்படிச் சுருங்கிவிட்டது. இந்த 1,236இல் உண்மையான சொற்கள் எத்தனை? எனக்குத் தெரிந்து இரண்டு. ஒன்று சங்கிலி. மற்றது அங்குலி, விரலுக்கான பழைய சொல். அன்றாடம் புழங்குவது முன்னதுதான். வாசகியின் கை தானாக அதை எழுதியதில் வியப்பில்லை.

எந்த மெய்க்குப் பின் எந்த எழுத்து வரலாம் என்று சொல்லும் இந்த விதிகளுக்கு மெய்ம்மயக்கம் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே வகுப்பில் கொட்டாவி வரும். எனக்கோ குறுக்கெழுத்து போடத் தொடங்கிய பிறகு அது துப்பறியும் கையேடாகத் தெரிகிறது. க், ச், த், ப் நான்கும் தம் வரிசையோடு மட்டுமே சேரும். 'ப்' இருந்தால் அடுத்தது ப-வரிசை. 'ர்', 'ழ்' இரண்டும் தம்மோடு தாம் சேரவே சேரா. இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது ய், ர், ழ் ஆகிய மூன்றில் ஒன்று: காய்ச்சல், பார்த்து, வாழ்ந்து. ஆக, ஒரு கட்டத்தில் மெய்யெழுத்து விழுந்தால் அது தன்னைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. அடுத்த கட்டத்தைப் பற்றியும் பாதியைச் சொல்லிவிடுகிறது. எதிர்த்திசையில் இந்தச் சலுகை குறைவு. 'கி' தெரிந்தால் அதற்கு முன் ங், க், ட், ண், ய், ர், ல், ழ், ள், ன் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். எங்காவது சிக்கிக்கொண்டால் முதலில் மெய் விழுந்த கட்டங்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் வலப்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் பாருங்கள்.

இந்த விதியை நம்பி நானே ஒருமுறை கவிழ்ந்திருக்கிறேன். மூன்று கட்டம், குறிப்பு 'பிறவி அறுதல்'. முதலில் 'மு', அடுத்து 'க்'. க்-க்குப் பின் க-வரிசைதானே? முக்கு, முக்கி, முக்கை என்று அரை மணி நேரம் முக்கினேன். விடை முக்தி. வடமொழியிலிருந்து வந்து, தமிழ் விதிக்குப் பணியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்ட வடிவம். அதையே தமிழாக்கி 'முத்தி' என்றுதான் பழையவர்கள் எழுதினார்கள். சக்தி, பக்தி, சப்தம் எல்லாம் இந்தக் கூட்டம்தான். புதிர் அமைப்பவர்களுக்கு இவை மேல் தனிப் பிரியம் உண்டு என்பது என் சந்தேகம்.

இப்போது தொலைபேசி நிறுவனத்துக்குப் போவோம். 1948இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த கிளாட் ஷானன், செய்தி என்பதை எப்படி அளப்பது என்று ஒரு கட்டுரை எழுதினார். ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகளால் ஒன்றைக் கண்டுபிடிக்க எத்தனை கேள்வி வேண்டுமோ அதுவே அதன் அளவு. ஒவ்வொரு கேள்வியும் ஒரு பிட். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் ஒன்றைப் பிடிக்க ஐந்து கேள்விக்குள் முடியும். தமிழின் 247இல் ஒன்றைப் பிடிக்க எட்டு வேண்டும். 'ங்'-க்கு அடுத்த கட்டத்துக்கோ நான்கே போதும். எட்டில் நான்கை இலக்கணமே கேட்டு முடித்துவிட்டது. இப்படி முன்கூட்டியே ஊகிக்க முடிகிற பங்கை மொழியின் மிகை என்று வைத்துக்கொள்வோம்.

அந்தக் கட்டுரையின் நடுவே, யாரும் எதிர்பாராத இடத்தில், ஷானன் குறுக்கெழுத்தைப் பற்றிப் பேசுகிறார். எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம் அதுதான். மிகை அறவே இல்லாத மொழி ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அங்கே எழுத்துகளை எப்படிக் கொட்டினாலும் அது ஒரு சொல். எந்தக் கட்டமும் குறுக்கெழுத்தாகிவிடும். அமைப்பவருக்குக் கொண்டாட்டம். ஆனால் போடுபவருக்கு நான்கில் மூன்று எழுத்து தெரிந்தாலும் நான்காவதைப் பற்றி ஒரு துப்பும் கிடைக்காது. மறுபுறம், மிகை அளவு கடந்தால் சொற்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளவே இடம் கிடைக்காது.

எல்லை எங்கே? ஒவ்வொரு கட்டத்துக்கும் நூறு பங்கு சுதந்திரம் என்று கொள்வோம். மொழியின் மிகை ஐம்பது விழுக்காடு என்றால், இடமிருந்து வலம் போகும் சொல் ஐம்பது பங்கை எடுத்துக்கொள்ளும். மேலிருந்து கீழ் வரும் சொல் இன்னோர் ஐம்பதை எடுக்கும். மிச்சம் பூஜ்யம். அதாவது பெரிய கட்டங்கள் மயிரிழையில் சாத்தியம். ஆங்கிலத்தின் மிகையை ஷானன் ஏறத்தாழ ஐம்பது என்றே அன்று மதிப்பிட்டார். மிகை 33 விழுக்காடாக இருந்தால் உயரத்திலும் சொற்கள் ஓடும் முப்பரிமாணக் குறுக்கெழுத்துகூட அமைக்கலாம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். நூறை மூன்று திசைக்குப் பங்கிடும் அதே கணக்குத்தான்.

போடுபவருக்குக் கைகொடுப்பதும் அமைப்பவரின் கையைக் கட்டுவதும் இந்த ஒரே மிகைதான். தமிழில் இந்த இழுபறி இன்னும் கடுமை. ஆங்கிலத்தில் இரு சொற்கள் வெட்டிக்கொள்ள ஒரு மெய்யோ ஓர் உயிரோ பொருந்தினால் போதும். தமிழில் மெய்யும் அதன் மேல் ஏறிய உயிரும் சேர்ந்து பொருந்த வேண்டும். 'கி' இருக்கும் இடத்தில் 'கு' உதவாது. அமெரிக்க நாளிதழ்க் கட்டங்களில் ஒவ்வோர் எழுத்தும் இரண்டு சொற்களில் இடம்பெறும். தமிழ்க் கட்டங்களில் கறுப்பு அதிகம், வெட்டும் இடங்கள் குறைவு. அமைப்பவரின் சோம்பல் என்று திட்டாதீர்கள். வெட்டுகள் குறைவு என்றாலும் கிடைக்கும் ஒவ்வொரு வெட்டிலும் உயிரும் மெய்யும் சேர்ந்தே வருகின்றன, அதனால் நமக்கு நட்டமில்லை.

மூளையில் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1966இல் பிரவுன், மெக்நீல் என்ற இரு உளவியலாளர்கள், அரிய சொற்களின் பொருளை மட்டும் வாசித்துக் காட்டிச் சொல்லைக் கேட்டார்கள். நுனிநாக்கில் நிற்கிறது, வரவில்லை என்று தவித்தவர்களில் பலரால் முதல் எழுத்தையோ அசைகளின் எண்ணிக்கையையோ சொல்ல முடிந்தது. பொருள் ஓர் இடத்திலும் ஒலி வடிவம் இன்னோர் இடத்திலும் இருக்கின்றன, நடுவில் இருக்கும் இழை சில நேரம் தளர்ந்துவிடுகிறது. குறிப்பு பொருள் முனையிலிருந்து இழுக்கிறது, கட்டத்தில் விழுந்த எழுத்து ஒலி முனையிலிருந்து இழுக்கிறது. வாசகிக்கு ஒலி முனையே போதுமானதாக இருந்திருக்கிறது.

குறுக்கெழுத்து போட்டால் மறதி நோய் அண்டாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதை நான் பாதி மூடநம்பிக்கையில் சேர்ப்பேன். புதிர் போடுபவர்களுக்கு நினைவாற்றல் நன்றாக இருப்பதைக் கண்ட ஆய்வுகள் உண்டு. ஆனால் நினைவு மங்கத் தொடங்கியவர்கள் முதலில் கைவிடுவதே புதிரைத்தானே? எது காரணம், எது விளைவு என்பதைப் பிரிப்பது எளிதல்ல. மருந்துபோல் விழுங்க வேண்டாம், சுவைக்காகப் போடுங்கள்.

எனக்கு இருக்கும் ஆதங்கம் வேறு. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ஷானனின் அளவுகோலைத் தமிழ் உரைநடைக்குப் பொருத்தி 1963இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கோலங்களுக்குக் கணித இலக்கணம் கண்டவர்களில் ஒருவரும் அவர்தான். இத்தகைய வேலைக்கு இன்று நிதி கேட்டுப் போனால் "இதனால் என்ன பயன்?" என்பதே முதல் கேள்வியாக இருக்கும். தொலைபேசிக் கம்பியைப் பற்றி எழுத உட்கார்ந்த ஷானனிடம் யாரும் குறுக்கெழுத்துப் பத்தியை நீக்கச் சொல்லவில்லை என்பதை நினைத்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஆய்தம். முன்னே குறில், பின்னே வல்லின உயிர்மெய் என்று இருபுறமும் காவல் வைத்துக்கொண்டு வரும் எழுத்து அது. வெட்டும் இடத்தில் அதை வைக்க எந்த அமைப்பவரும் அஞ்சுவார். ஒருநாள் ஒரு புதிரில் இடமிருந்து வலம் அஃறிணை, மேலிருந்து கீழ் எஃகு, இரண்டும் ஒரே ஆய்தத்தில் சந்தித்தன. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுவாரம் அதே பகுதியில் இன்னோர் ஆய்தம் வெட்டியது. ஆவலோடு கீழே இறங்கினேன். மூன்று கட்டம், குறிப்பு 'சுழலும், காற்று தரும்'. விடை ஃபேன்.